ஊர் மாறி உழைத்தவரைக் கூலிக்காரன் என்று சொல்லாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலை நம் எழுவர் கால்பந்துப் போட்டியின் மேடையில் பேசப்பட்டதை நான் மறுபடியும் எழுதப் போவதில்லை. காணொளி எல்லோருடைய கைபேசிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. பையன்கள் ஆசையாக அச்சடித்துக் கட்டிய ஃபிளெக்ஸைக் கை நீட்டிக் காட்டி, "ஒரு கிளப்பிலும் நிலைக்காத கூலிக்காரனா உங்களுக்கு முன்மாதிரி?" என்று சிறப்பு விருந்தினர் கேட்டார். அவர் கேட்டதைவிட, அதற்குக் கூட்டம் சிரித்ததுதான் மூன்று நாட்களாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. அவர் வயதில் மூத்தவர், ஊருக்கு நல்லது செய்தவர் என்பதால் பெயர் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

அந்தப் படத்தில் இருப்பவர் பார்த்தலோமியூ ஓக்பெச்சே. நைஜீரியாக்காரர். 17 வயதில் 2002 உலகக் கோப்பையில் தன் நாட்டுக்காக ஆடியவர். பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்னில் தொடங்கி, பிரான்ஸ், ஐக்கிய அரபு அமீரகம், ஸ்பெயின், கிரீஸ், இங்கிலாந்து, நெதர்லாந்து என்று சுற்றி, 2018-இல் இந்தியாவுக்கு வந்தார். இங்கே இந்தியன் சூப்பர் லீக் போட்டியிலும் ஐந்து பருவங்களில் நான்கு அணிகள்: நார்த் ஈஸ்ட், கேரளா, மும்பை, ஹைதராபாத். இத்தனை அணிகள் என்று விருந்தினர் எண்ணிச் சொன்ன கணக்கில் பிழையில்லை. அந்தக் கணக்கிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் பிழை.

ஒரு முன்கள வீரர் அணி மாறினார் என்றால், அவரே உதறிவிட்டுப் போனார் என்று எப்படி முடிவு கட்டுகிறோம்? கிரீஸில் அவர் ஆடிய கவாலா அணி, ஆட்ட முடிவுகளை விலைபேசிய வழக்கில் 2011-இல் முதல்நிலை லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது. அப்படி ஒரு கிளப் சரியும்போது அங்கே கோல் அடித்துக்கொண்டிருந்தவர் என்ன செய்வார்? பெட்டியைக் கட்டுவார். அந்த ஆண்டே அவர் இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் சேர்ந்தார். கால்பந்து வீரர்களின் பன்னாட்டுச் சங்கமான ஃபிஃப்ப்ரோ, 2016-இல் 54 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 14,000 வீரர்களிடம் கேட்டறிந்தபோது, முந்தைய இரண்டு பருவங்களுக்குள் சம்பளம் தாமதமாக வந்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 41 பேர். ஒப்பந்தங்களின் சராசரிக் காலம் இரண்டு ஆண்டுகளைக்கூட எட்டவில்லை. பெரும்பாலான வீரர்களின் நிலைமை இதுதான். ஏன் நிலைக்கவில்லை என்று வீரரைக் கேட்கும் முன், நிலைக்க விட்டார்களா என்று ஒரு முறை கேளுங்கள்.

ரோமில் பிறந்து, ரோமா அணிக்கே 25 பருவங்கள் ஆடிய இத்தாலிய வீரர் டோட்டியைப் பார் என்று ஒரு நண்பர் அந்தக் காணொளியின் பின்னூட்டத்தில் எழுதியிருக்கிறார். டோட்டியை எனக்கும் பிடிக்கும். ஆனால் சொந்த ஊரிலேயே வேலை, அந்த வேலை கடைசிவரை, கேட்ட சம்பளம் என்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்? அது வாய்த்தவரைப் பாராட்டுவோம், வாய்க்காதவரை ஏன் இழிவுபடுத்த வேண்டும்? பணத்துக்காகத்தானே ஆடினார் என்று இன்னொருவர். ஆம், பணத்துக்காகத்தான் ஆடினார். உழைத்ததற்குக் கூலி வாங்குவது எந்த ஊரில் குற்றம்?

வாங்கிய கூலிக்கு அவர் என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். 2019-20 பருவத்தில் கேரளாவுக்கு 15 கோல்கள். அடுத்த பருவம் மும்பைக்காக இறுதிப் போட்டி. ஆட்டம் 1-1 என்று நிற்கிறது, 90-வது நிமிடம். கோலுக்கு முன்னுள்ள பெட்டிக்குள் தன் காலுக்கு வந்த பந்தைத் தானே அடித்துப் பெயர் வாங்கப் பார்க்காமல் பிபின் சிங்குக்குத் தள்ளிவிட்டார் அந்த மனிதர். கோப்பை மும்பைக்குப் போனது. 2021-22-இல் ஹைதராபாத்துக்கு 18 கோல்கள், 37 வயதில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி, அணிக்கு முதல் கோப்பை. போன இடமெல்லாம் வேலையை முடித்துக் கொடுத்தவரைத்தான் நாம் நிலையில்லாதவர் என்கிறோம்.

நம் கடற்கரையில் நின்றுகொண்டு இதைப் பேசியதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளித்தால் படகைத் தென்கடலுக்குக் கொண்டுபோகிறோம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்தால் திரும்பி வருகிறோம். கடலுக்குத் துரோகம் செய்தான் என்று படகுக்காரரான எந்தச் சம்மாட்டியையாவது யாராவது சொன்னதுண்டா? நம் ராமநாதபுரம் பக்கத்தில், பனைக்குளத்துக்குப் பக்கத்து ஊரின் பெயரே புதுவலசை. பிழைப்புத் தேடி இடம் பெயர்ந்ததை ஊருக்குப் பெயராகவே வைத்துக்கொண்டவர்கள் நாம்.

என் வாப்பா 22 ஆண்டுகள் சபரில், அதாவது வளைகுடாவில் பிழைப்புக்காக இருந்தார். அபுதாபியில் லாண்டரி வேலை. ஓக்பெச்சே அதே அபுதாபியின் அல் ஜசீரா அணிக்கு ஆடிய 2005-06-இல் வாப்பாவும் அங்கேதான் இருந்தார். அவர் அந்த மைதானத்துக்குள் கால் வைத்ததில்லை, அவருக்குக் கால்பந்தும் தெரியாது. 22 ஆண்டுகளில் ஐந்து கம்பெனிகள் மாறினார். ஒரு கம்பெனி மூன்று மாதச் சம்பளத்தைத் தராமலேயே கதவைச் சாத்தியது. இன்னொன்றில் கபில், அதாவது விசா தந்த முதலாளி, கையெழுத்துப் போட மறுத்ததால் உம்மாவின் அறுவைச் சிகிச்சைக்கு அவரால் வர முடியவில்லை. அவர் மவுத்தான பிறகு பேரீச்சம்பழ டப்பா ஒன்றில் ஐந்து பத்தாக்கா (படம் ஒட்டிய அடையாள அட்டை) நகல்களைக் கண்டெடுத்தேன். முதல் படத்தில் கறுத்த அடர்ந்த மீசை, கடைசிப் படத்தில் நெற்றி மேலேறி, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஒவ்வொரு நகலின் பின்னாலும் எங்களுக்கு அனுப்பிய தொகைகளை நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தார். ஒரு மாதம்கூட விடுபடவில்லை.

ஒருமுறை விடுமுறையில் வந்திருந்தபோது, கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருவர் வாப்பாவிடம், "நீ எந்தக் கம்பெனியிலப்பா ஒழுங்கா இருந்த?" என்று கேட்டார். வாப்பா ஒன்றும் சொல்லாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். எனக்கு அப்போது 12 வயது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் என் வாயைத் திறக்கத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை எழுந்த சிரிப்பும் அன்று பந்தியில் எழுந்த அதே சிரிப்புதான்.

ஒரு நைஜீரிய வீரருக்காக ஊர்ப் பெரியவரை எதிர்க்கிறாயா என்று கேட்பீர்கள். நேற்றே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆம், எதிர்க்கிறேன். அந்த மைதானத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பாதிப் பேரின் வாப்பாமார் இப்போதும் சபரில்தான் இருக்கிறார்கள். எந்தக் கம்பெனியில் எத்தனை மாதம் என்று அந்தப் பிள்ளைகளுக்கே தெரியாது. ஒரு கிளப்பிலும் நிலைக்காதவன் என்ற சொல் அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று மைக்கைப் பிடித்தவர் யோசிக்கவில்லை, சிரித்தவர்களும் யோசிக்கவில்லை.

அன்றிரவே யாரோ அந்த ஃபிளெக்ஸை அவிழ்த்துச் சுருட்டி மைதானத்து ஓரத்தில் போட்டிருந்தார்கள். மணலைத் தட்டி, எடுத்து வந்து என் வீட்டுத் திண்ணையில் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை இறுதிப் போட்டி. ஜும்மா முடிந்ததும், முன்பு கட்டியிருந்த அதே இரண்டு பனைமரங்களுக்கு நடுவில் அதைத் திரும்பக் கட்டப் போகிறேன். கயிறு பிடிக்க இரண்டு பேர் வந்தால் போதும்.