அளக்கக் கூப்பிட்டவன் கெட்டவன்

வண்டி போய்வந்த வழியைப் பக்கத்து நிலத்துக்காரர் கல்கால் (கல் தூண்) நட்டு, வேலி போட்டு அடைத்துவிட்டார் என்று சொல்லும் அந்த வீடியோ நேற்றிலிருந்து எனக்கு மட்டும் பதினோரு முறை வந்துவிட்டது. அழுகிற அம்மா, பின்னணியில் சோக மியூசிக், கம்பிவேலிக்கு முன்னால் நிற்கும் டிவிஎஸ் ஃபிஃப்டி. கீழே கமெண்ட்டைப் பார்த்தால் ஊரே நீதிபதியாகிவிட்டது. "மண்ணாசை பிடிச்ச ஜென்மம்." "போகும்போது தூக்கிட்டா போகப்போறான்?" பாதிப்பேர் நம்ம கிருஷ்ணகிரிக்காரர்கள். இரண்டு பேர் என்னோடு படித்தவர்கள்.

வேலி போட்டவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் வீடியோவை நிறுத்திப் பார்த்தால் கடைசிக் கல்காலுக்குப் பக்கத்தில் புதிதாக நட்ட சர்வே கல் தெரிகிறது. மண் கூட இன்னும் இறுகவில்லை. அதாவது மனிதர் பணம் கட்டி, மனு போட்டு, அக்கம்பக்கத்தாருக்கு நோட்டீஸ் போய், சர்வேயர் வந்து அளந்த பிறகுதான் வேலி போட்டிருக்கிறார். இன்னும் கொஞ்சம் ஓட விட்டால் அந்த அம்மா வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் ரோடு ஒன்றும் தெரிகிறது. அதாவது வேறு வழி இருக்கிறது. அது யார் கண்ணிலும் படவில்லை. மியூசிக் அவ்வளவு நன்றாக இருந்தது போல.

நம் பக்கத்தில் வரப்பை வெட்டுகிறவன் நல்லவன், அளக்கச் சொல்கிறவன் கெட்டவன். இதைத்தான் சொல்ல வந்தேன். இனி எழுதப் போவதெல்லாம் இதேதான், வேறு வேறு மாதிரி.

என் கதை நிறையப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காவேரிப்பட்டினம் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன மாந்தோப்பு, எல்லாம் பெங்களூரா மரம். கிழக்கு வரப்புக்கு அந்தப் பக்கம் எங்கள் பெரியப்பா நிலம். ரத்த சொந்தமில்லை, அப்பாவோடு சேர்ந்து வளர்ந்தவர் என்பதால் பெரியப்பா. ஒவ்வொரு உழவுக்கும் வரப்போரம் ஒரு சால், அதாவது ஒரு ஏர்க்கோடு, எங்கள் நிலத்துக்குள்ளே வரும். ஒரு சால்தான். அடுத்த வருஷம் இன்னொன்று. நான் சொன்னால் அப்பா, "விடுடா, அவன் என்ன வேற ஆளா" என்பார்.

அப்பா காலமான பிறகு, 2021-இல் அளந்தோம். பெரியப்பா பக்கம் போனது மூன்றடி அகலம், 220 அடி நீளம். கணக்குப் போடுங்கள், 660 சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஒன்றரை சென்ட். "இதுக்கா இவ்வளவு கலாட்டா" என்று கேட்கிறவர்களே, ஓசூர் ரோட்டுப் பக்கம் போய் ஒன்றரை சென்ட் சும்மா கேட்டுப் பாருங்கள்.

அளந்த அன்று இன்னொன்றும் நடந்தது. எஃப்.எம்.பி.யில், அதாவது சர்வே துறையின் நில அளவு வரைபடத்தில், கல் காட்டும் இடத்தில் கல் இல்லை. சர்வேயர் பக்கத்து சர்வே நம்பரில் பெயராமல் இருந்த கல்லிலிருந்து சங்கிலி பிடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்கலாமென்று நான் பெரியப்பா வீட்டுத் தொட்டியடிக்குப் போனேன். துவைகல் ஒரு மாதிரி இருந்தது. ஓரத்தில் சோப்பு நுரையைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் உளியால் வெட்டிய அம்புக்குறி. எங்கள் எல்லைக்கல் மேல் பத்து இருபது வருஷமாகத் துணி துவைத்துக்கொண்டிருக்கிறார்கள்! கேட்டதற்குப் பெரியம்மா, "அது கிடந்துச்சு, எடுத்துப் போட்டோம்" என்றார். சர்க்கார் நட்ட எல்லைக்கல்லைப் பிடுங்குவது குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 434-ஆவது பிரிவு, ஒரு வருஷம் வரை ஜெயில். அந்தக் கல்லுக்காக நான் போலீசுக்குப் போகவில்லை. பெரியம்மாவாச்சே. ஆனால் ஊரில் மனசாட்சி இல்லாதவன் யார்? நான்தான்.

சரி, இனி வழக்கமான கேள்விகள்.

"இருபது வருஷம் நடந்தால் பாதை உரிமை வந்துவிடுமே, சட்டம் தெரியாதா?" தெரியும் சார். 1882-ஆம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டம், 15-ஆவது பிரிவு. ஆனால் இருபது வருஷம் தடையில்லாமல், உரிமையாக நடந்திருக்க வேண்டும். "அண்ணா, கொஞ்சம் வண்டியை விட்டுக்கறேன்" என்று அனுமதி கேட்டு நடந்தது அதில் சேராது. ஒரே நிலத்தைப் பிரித்ததில் வேறு வழியே இல்லாமல் போன நிலத்துக்கு அவசியப் பாதை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. இதே மாதிரி, பன்னிரண்டு வருஷம் வைத்திருந்தால் நிலமே சொந்தமாகிவிடும் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். பன்னிரண்டு வருஷம் கையில் இருந்தாலே போதாது, உரிமையாளரை எதிர்த்து, வெளிப்படையாக, எனக்குத்தான் சொந்தம் என்று வைத்திருக்க வேண்டும். எல்லாம் சரிதான். ஆனால் "அப்பா அனுமதித்தார்" என்பதை நான் எதை வைத்து நிரூபிப்பேன்? அவர் எழுதி வாங்கினாரா? பெருந்தன்மைக்கு யாராவது பத்திரம் போடுவார்களா? அவர் விட்டுக்கொடுத்ததுதான் இன்று எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பாயிண்ட்.

"பட்டா இருந்தால் எல்லாம் ஆச்சா?" ஆகவில்லை. பட்டா வருவாய்த்துறைப் பதிவு, பத்திரம்தான் பேசும். அடுத்து.

"காலனிக்குப் போற பாதையை, சுடுகாட்டுப் பாதையை அடைக்கிறார்களே, அதையும் ஆதரிப்பாயா?" இல்லை. அது அயோக்கியத்தனம். நான் பேசுவது இரண்டு பட்டாக்காரர்களுக்கு நடுவில் இருக்கும் வரப்பைப் பற்றி. இதையும் அதையும் சேர்த்துப் பேசுகிறவர்களிடம் பேச எனக்கு நேரமில்லை.

"வேலி போடுவதற்கு முன் கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே" என்று ஒரு தம்பி நாகரிகமாகக் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இடத்தை அனுபவித்து வருகிறவரை நாமே வெளியேற்றினால், ஆறு மாதத்துக்குள் அவர் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்ப வாங்கலாம், எதிரில் நிற்பது உண்மையான சொந்தக்காரராகவே இருந்தாலும். அதனால்தான் நான் வேலி போடாமல் கோர்ட்டுக்குப் போனேன் தம்பி. மூன்றடிக்காக முதலில் ஸ்டேஷனுக்குப் போனேன், "சிவில் மேட்டர்" என்றார்கள். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுத்தேன், அது சுற்றிக்கொண்டு வி.ஏ.ஓ.விடமே வந்தது. அப்புறம் கேஸ். கோர்ட் நியமித்த வக்கீல் கமிஷனர் வந்து மறுபடி அளந்தார். அதே மூன்றடி. அதற்கு ஆட்சேபணை. வாய்தா. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு உடம்பு சரியில்லை. வாய்தா. இத்தனையும் தெரிந்த பிறகு, அந்த வேலிக்காரரைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது.

"போகும்போது என்னத்தைக் கொண்டு போகப் போகிறோம்" என்ற தத்துவம் இருக்கிறதே, அதை எப்போதும் இழந்தவனிடம்தான் சொல்கிறார்கள். எடுத்தவனிடம் போய், "பெரியப்பா, போகும்போது அந்த மூன்றடியைக் கொண்டு போவீங்களா" என்று கேட்டவர் எங்கள் ஊரில் ஒருத்தர் இல்லை. அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு எல்லோரும் போனார்கள். எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. அம்மா மட்டும் வாசலில் உட்கார்ந்து, போகிறவர்கள் வருகிறவர்கள் கட்டியிருந்த புடவையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மாதான் எனக்குப் பெரிய எதிர்த்தரப்பு. "விட்டுத் தொலைச்சிருக்கலாமே சாமி. முன்னாடி தோப்புல காய் பறிச்சா முதல் கூடை அவங்க வீட்டுக்குத்தான் போவும்" என்கிறார். எஃப்.எம்.பி.யைக் காட்டி, பன்னிரண்டு வருஷக் கணக்கு சொல்லும் லிமிடேஷன் சட்டத்தை விளக்கி, எல்லாம் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, "பெரியம்மாவுக்கு முட்டி வலின்னு ரேஷன் கடையில சொன்னாங்க, எப்படி இருக்காங்கன்னு தெரியல" என்றார்.

அந்தக் கல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. கேஸ் முடிகிறவரை அதைத் தொடக்கூடாது என்று எங்கள் வக்கீல் சொல்லியிருக்கிறார். காலையில் அவர்கள் துணி துவைக்கிற சத்தம் எங்கள் திண்ணை வரைக்கும் கேட்கும்.