ஆக்ஸிகோடோன் விற்றால் கட்டாயம் 10 ஆண்டா?

'அமெரிக்காவில் ஆக்ஸிகோடோன் வலி மாத்திரை விற்றுப் பிடிபட்டால் குறைந்தது 10 ஆண்டு சிறை, நீதிபதி நினைத்தாலும் குறைக்க முடியாது' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

கூட்டாட்சிச் சட்டத்தில் (தலைப்பு 21, பிரிவு 841) ஆக்ஸிகோடோன் எடைக்கென்று கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை கிடையாது. முதல் குற்றத்துக்கு உச்சவரம்பு 20 ஆண்டு. அந்த மாத்திரையால் யாராவது இறந்தாலோ கடுமையாகப் பாதிக்கப்பட்டாலோதான் 20 ஆண்டே குறைந்தபட்சமாகும். ஆயுள் வரை போகலாம். 10 ஆண்டுக் கணக்கு ஃபென்டனில் என்ற இன்னொரு வலி மருந்திலிருந்து வந்திருக்கலாம்: அது கலந்த பொருள் 400 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் அதுதான் குறைந்தபட்சம்.

அப்புறம், எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு தண்டனை என்று பரிந்துரைக்கும் கூட்டாட்சித் தண்டனை வழிகாட்டி விதிகள் 2005 முதல் நீதிபதியைக் கட்டுப்படுத்துவதில்லை, ஆலோசனை மட்டுமே. சட்டத்தின் வாசகமும் அமெரிக்கத் தண்டனை ஆணையத்தின் தரவுகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பார்த்துவிட்டு, அந்தச் செய்தியை மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.