பெயிண்ட் காய்வதற்குள் ஒரு வீடு

அம்மா: வாருங்கள் தம்பி. ஒருவழியாக ஆள் அனுப்பினாரே, அதுவே பெரிய விஷயம்! முதலில் பாத்ரூமைப் பார்க்கிறீர்களா, படுக்கையறைச் சுவரைப் பார்க்கிறீர்களா?

வந்தவர்: முதலில் ஹால் பார்க்கலாமா? ஹாலில் வெளிச்சம் எப்படி என்று பார்க்கச் சொல்லியிருக்கிறது.

அம்மா: ஹாலில் ஒன்றும் இல்லையே. சொட்டுவது உள்ளே.

வந்தவர்: சொட்டுகிறதா?

அம்மா: ஏன், உங்களிடம் சொல்லி அனுப்பவில்லையா?

வந்தவர்: ‘எல்லா அறைக்கும் தண்ணீர் வசதி’ என்றுதான் சொன்னார்கள்.

அம்மா: அது உண்மைதான்.

(வந்தவர் கையில் ஒரு காகிதக் கட்டு. ‘முதன்முறையாக வீடு வாங்குவோருக்கு வழிகாட்டி’ என்று மேலே கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறது. கொட்டை எழுத்தாக இருந்தாலும் அம்மாவுக்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி உள்ளே இருக்கிறது.)

அம்மா: என் புகாரையெல்லாம் எழுதியே கொடுத்துவிட்டாரா? நல்லதாகப் போயிற்று. படியுங்கள், ஒன்றும் விட்டுப்போகவில்லையே பார்ப்போம்.

வந்தவர்: ஒன்று, அலமாரிகள் போதுமா. இரண்டு, சமையல் மேடை உயரம் சரியா. மூன்று, பால்கனியில் நின்றால் என்ன தெரிகிறது.

அம்மா: இதெல்லாம் நான் புகார் சொல்லவே இல்லையே.

வந்தவர்: நீங்கள் எதற்கு அம்மா புகார் சொல்லப்போகிறீர்கள்?

அம்மா: வேறு யார் சொல்வது? மழை பெய்தால் வாளி எடுத்து வைப்பது நான்தானே. வாருங்கள். இந்தச் சுவரைப் பாருங்கள். என்ன தெரிகிறது?

வந்தவர்: அழகாக இருக்கிறது. புதுப் பெயிண்ட்.

அம்மா: மற்ற மூன்று சுவர்?

வந்தவர்: பழைய பெயிண்ட்.

அம்மா: நாலு சுவர் இருக்கிற அறையில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் ஏன் பெயிண்ட் அடிப்பார்கள்?

வந்தவர்: இப்போது அதுதானே ஃபேஷன். ஒரு சுவரை மட்டும் தனியாக எடுத்துக் காட்டுவார்கள். இதில் படம்கூட இருக்கிறது, பாருங்கள்.

அம்மா: எடுத்துக் காட்டவில்லை, மறைத்திருக்கிறார். கையை வைத்துப் பாருங்கள்.

வந்தவர்: ஆஹா, சில்லென்று இருக்கிறதே! ஏசியே வேண்டாம் போல.

அம்மா: (சற்று நேரம் அவரையே பார்த்துவிட்டு) நீங்கள் இந்தத் தொழிலுக்குப் புதிதா? சட்டைப்பையில் நாணயம் இருந்தால் எடுத்துத் தட்டுங்கள். அந்தப் பக்கம் ‘டக் டக்’, இந்தப் பக்கம் ‘டொப் டொப்’ என்று கேட்கிறதா? இங்கே பூச்சு செங்கலை விட்டுவிட்டது. கீழே தரையை ஒட்டி வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அது உப்பு. சுவருக்குள் தண்ணீர் ஊறி, காயும்போது உப்பை வெளியே தள்ளுகிறது. தண்ணீர் வருகிற வழியை அடைக்காமல் எத்தனை கோட் அடித்தாலும் உரிந்துதான் வரும்.

வந்தவர்: உரிந்தால் மறுபடியும் அடித்துக்கொள்ளலாமே.

அம்மா: அதைத்தான் அவரும் சொல்வார். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடுகிறது, பாருங்கள் என்றேன். பெயிண்ட் அடித்தார். மெல்லிய கோடு என்றால் பூச்சு காய்ந்ததால் வந்தது என்று விடலாம். நகம் நுழைகிற விரிசல், வருஷத்துக்கு வருஷம் அகலமாகிறது. அதைப் பொறியாளர் ஒருவர் வந்து பார்க்க வேண்டாமா?

வந்தவர்: கதவு நன்றாக இருக்கிறதே. தேக்கா?

அம்மா: அந்தக் கதவு தாழ்ப்பாளில் உட்காராது. நிலை கோணிவிட்டது. சொன்னேன்.

வந்தவர்: என்ன செய்தார்?

அம்மா: கதவுக்குப் பெயிண்ட் அடித்தார். சரி, உங்கள் பை எங்கே? ஸ்பேனர் கொண்டுவரவில்லையா?

வந்தவர்: வீடு பார்க்க வருவதற்கு ஸ்பேனர் எதற்கு?

அம்மா: பார்க்க மட்டும்தான் அனுப்பினாரா?

வந்தவர்: (காகிதத்தைப் புரட்டி, புன்னகையோடு) இப்போது புரிந்துவிட்டது அம்மா. பதினொன்றாம் பக்கம். ‘விற்பவர் சின்னக் குறைகளைத் தானாகவே சொல்லி உங்கள் நம்பிக்கையைப் பிடிக்கப் பார்ப்பார்.’ சின்னக் குறை எல்லாம் சொல்லிவிட்டீர்கள். பெரிய குறையை எப்போது சொல்வீர்கள்?

அம்மா: விற்பவரா? இருங்கள், கண்ணாடியை எடுத்துவருகிறேன்... அடக் கடவுளே. நீங்கள் குழாய்க்காரர் இல்லையா?

வந்தவர்: நான் வீடு வாங்க வந்தவன். நீங்கள் வீட்டுக்காரம்மா இல்லையா?

அம்மா: நான் வாடகைக்கு இருக்கிறவள். உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு நேர் மேலேதான் சொட்டும்.

(வீடு பார்க்க வருகிறவர்கள் பலரைப் பார்த்தாகிவிட்டது. குடியிருப்பவரை ஒரு ஓரமாக நகர்த்திவிட்டு ஜன்னலைத் திறந்து ‘நல்ல காற்று’ என்பார்கள். அந்தக் காற்றைத் தினமும் சுவாசிக்கிற ஆள் பக்கத்திலேயே நிற்பார், ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். இந்தத் தம்பிகூடக் கேட்கவில்லை. ஆள் மாறியதால் தப்பித்தார்.)

வந்தவர்: ஆனால் அம்மா, நான் ஏற்கெனவே ஒரு தடவை வந்து வெளியிலிருந்து பார்த்தேனே. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

அம்மா: எப்போது?

வந்தவர்: ஞாயிற்றுக்கிழமை காலை. நல்ல வெயில்.

அம்மா: வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடுதான். மழை விட்ட மறுநாள் வாருங்கள். ராத்திரி பத்து மணிக்கு ஒருமுறை வாருங்கள், மாடியில் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்கும். சமையலறைக் குழாயையும் பாத்ரூம் குழாயையும் ஒன்றாகத் திறந்துவிட்டுப் பாருங்கள், ஒன்றில்தான் தண்ணீர் வரும். பாத்ரூமில் ஒரு வாளி தண்ணீரைக் கொட்டிவிட்டு நில்லுங்கள்.

வந்தவர்: எதற்கு?

அம்மா: அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க. இங்கே வாசல் பக்கம் ஓடும்.

வந்தவர்: இதெல்லாம் இந்த வழிகாட்டியில் இல்லையே.

அம்மா: சமையல் மேடை உயரம் இருக்கிறதே, போதாதா? சரி, எத்தனை சதுர அடி என்று சொன்னார்கள்?

வந்தவர்: 1000.

அம்மா: தினமும் கூட்டுகிறவள் நான். 700-க்கு மேல் விளக்குமாறு போனதே இல்லை.

வந்தவர்: மீதி பொது இடமாம். மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை இதிலெல்லாம் நமக்கும் ஒரு பங்கு.

அம்மா: அப்படியானால் சோபாவை லிஃப்டில் போட்டுக்கொள்ளுங்கள். சுவருக்குள்ளே காலால் மிதிக்கிற இடம் எவ்வளவு என்று டேப் பிடித்து அளந்து, விலையை அதால் வகுத்துப் பாருங்கள். அப்புறம் பக்கத்துக் கட்டடத்து விலையோடு ஒப்பிடுங்கள். ஆளுக்கு ஒரு அளவு சொல்கிறவர்கள் விலையை மட்டும் எப்படி ஒன்றாகச் சொல்வார்கள்?

வந்தவர்: எப்படியோ அம்மா, கொஞ்சம் ஒழுகினாலும் நம் சொந்த வீடு. வாடகை கொடுத்தால் அவ்வளவும் வீண் காசு.

அம்மா: வட்டி கொடுத்தால்?

வந்தவர்: அது வேறு. அது நம் வீட்டுக்காகக் கொடுப்பது.

அம்மா: கொடுப்பது வங்கிக்கு. இந்த வீட்டை வாங்கிக்கொள்கிறீர்களா என்று வீட்டுக்காரர் முதலில் என்னிடம்தான் கேட்டார் தம்பி. ஆசையாகத்தான் இருந்தது. என் பெண்ணை உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொன்னேன். உங்களுக்கு எத்தனை சதவிகிதம்?

வந்தவர்: 8. இருபது வருஷம்.

அம்மா: 100 வாங்கினால் 200 கட்டி முடிப்பீர்கள்.

வந்தவர்: அது தெரியும். ஆனால் பத்து வருஷத்தில் பாதிக் கடன் தீர்ந்துவிடுமே.

அம்மா: தீராது. பத்து வருஷம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் 69 பாக்கி நிற்கும். முதல் மாசத் தவணையில் ஐந்தில் நாலு பங்கு வட்டிக்கே போகும். பாதிக் கடன் தீர பதின்மூன்றரை வருஷம். அதனால் கையில் உபரி வந்தால் ஆரம்ப வருஷங்களிலேயே கொண்டுபோய் அசலில் கட்ட வேண்டும், கடைசியில் கட்டினால் பெரிதாக மிச்சமில்லை. உங்களுடையது நிலையான வட்டியா, மாறுகிற வட்டியா?

வந்தவர்: மாறுகிறது. குறைந்தால் நமக்கு லாபம்.

அம்மா: ஏறினால்?

வந்தவர்: ஏறினாலும் தவணை ஏறாதாம். வருஷம்தான் கொஞ்சம் நீளுமாம்.

அம்மா: ஆரம்பத்திலேயே 8 என்பது 9 ஆனால், அதே தவணையில் 25 வருஷம் ஆகும்.

வந்தவர்: ஐந்து வருஷம்தானே, சமாளிக்கலாம்.

அம்மா: 10 ஆனால்?

வந்தவர்: இன்னொரு ஐந்து. 30.

அம்மா: 56.

வந்தவர்: 56 என்ன?

அம்மா: வருஷம்.

வந்தவர்: (விரல் விட்டு எண்ணுகிறார். விரல் போதவில்லை.) எப்படி அம்மா?

அம்மா: ஒரு லட்சம் கடனுக்கு உங்கள் தவணை மாசம் 836. 10 சதவிகிதம் ஆனால் முதல் மாச வட்டியே 833. அசலுக்குப் போவது 3. மூன்றை வைத்துக்கொண்டு ஒரு லட்சத்தைக் கரைக்க எத்தனை காலம் ஆகும்? வங்கி அதுவரை பொறுக்காது, தவணையை ஏற்று என்று சொல்லும். இப்போதே இரண்டு சதவிகிதம் ஏறின தவணையைப் போட்டுப் பாருங்கள். அதைக் கட்டிவிட்டு மாசச் செலவுக்கு மிஞ்சுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். எவ்வளவு கொடுப்பார்கள் என்று வங்கி சொல்லும். எவ்வளவு தாங்கும் என்று நீங்கள்தானே சொல்ல வேண்டும்?

வந்தவர்: 56 வருஷம் என்றால் எனக்கு அப்போது 88 வயது.

அம்மா: பரவாயில்லை, சொந்த வீடு.

வந்தவர்: வாடகை வீண் காசு என்று எல்லோரும் சொன்னார்களே...

அம்மா: சொன்ன எல்லோருக்கும் வீடு இருக்கிறது. தவணை உங்களுக்கு. நான் கொடுக்கிற வாடகைக்கு எனக்கு என்ன கிடைக்கிறது தெரியுமா? இந்தச் சுவர் என் தலைவலி இல்லை என்கிற நிம்மதி. நான் உங்களை வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை தம்பி. தாராளமாக வாங்குங்கள். கையிலிருக்கிற எல்லாவற்றையும் முன்பணத்தில் கொட்டாமல், பதிவுச் செலவு, வக்கீல், குடிபோகும் செலவு, ஒரு ஆறு மாசத் தவணை இவற்றைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு வாங்குங்கள். பத்திரம் பார்த்தாயிற்றா?

வந்தவர்: அதெல்லாம் சுத்தமாக இருக்கிறதாம். வக்கீல் பார்த்துவிட்டார்.

அம்மா: யாருடைய வக்கீல்?

வந்தவர்: புரோக்கருடைய வக்கீல். விற்பவருக்கும் அவரேதான். எனக்குக் காசே வாங்காமல் பார்த்துக் கொடுத்தார்.

அம்மா: அப்படியானால் அவர் உங்களுக்கும் வக்கீல் இல்லை, அவருக்கும் வக்கீல் இல்லை. கமிஷனுக்கு வக்கீல். வீட்டுக்காரரின் தங்கை பெயரும் பத்திரத்தில் இருக்கிறதே, அவர் கையெழுத்துப் போடுகிறாரா?

வந்தவர்: தங்கையா?

அம்மா: அவர்கள் பேசிக்கொண்டே வருஷக்கணக்காகிறது. இந்த வீட்டின் மேல் வாங்கிய கடன் அடைந்துவிட்டதா?

வந்தவர்: கடனா?

அம்மா: பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு பாக்கி என்று சங்கத்தில் கேட்டீர்களா? அவர் கட்டாவிட்டால் நாளைக்கு உங்கள் கதவைத்தான் தட்டுவார்கள்.

வந்தவர்: சங்கமா?

அம்மா: நல்லவேளை, பத்திரத்துக்கு மட்டும் அவர் இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. உங்கள் காசில் உங்களுக்கென்று ஒரு வக்கீலை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அதுவரை ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

(போன் அடிக்கிறது. வந்தவர் பேசுகிறார். ‘ஆமா சார்... வீட்டில்தான் சார்... இன்றைக்கேவா சார்?’ அவர் முகம் மாறுகிறது. போனைக் கையால் பொத்திக்கொள்கிறார்.)

வந்தவர்: புரோக்கர் அம்மா. சாயங்காலத்துக்குள் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டுமாம். வக்கீல் அது இது என்று இழுத்தால் வீடு கைவிட்டுப் போய்விடுமாம்.

அம்மா: ஏன்?

வந்தவர்: இன்னொரு பார்ட்டி தயாராக இருக்கிறார்களாம். ஒரு அம்மாவும் பெண்ணும். விலைகூடப் பேசிவிட்டார்களாம். வீட்டை உள்ளும் புறமும் நன்றாகப் பார்த்தவர்களாம், ரொம்பப் பிடித்துப்போய்விட்டதாம்.

அம்மா: எவ்வளவு நாளாகப் பார்த்தார்களாம்?

வந்தவர்: (போனில் கேட்டுவிட்டு) வருஷக்கணக்காகக் கண் வைத்திருக்கிறார்களாம்.

அம்மா: தம்பி, அந்த அம்மா நான்தான். வேண்டாம் என்று சொல்லியே பல மாசம் ஆகிறது.

வந்தவர்: நீங்களா! அப்படியானால் இவரிடம் என்ன சொல்லட்டும்?

அம்மா: பொத்திய கையை எடுங்கள். இரண்டு பார்ட்டியும் ஒன்றாக உட்கார்ந்துதான் பேசிக்கொண்டிருக்கிறோம், விலையை எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள்.