எந்த ஊரில் பனி அதிகம் என்று கேட்காதீர்கள்

குளிர்காலம் நெருங்கியதும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கும் உறவினர்களும் நண்பர்களும் சுவிட்சர்லாந்தில் வாழும் எங்களைப் போன்றவர்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பிள்ளைகளை ஸ்கீ எனும் பனிச்சறுக்கு பழகக் கூட்டிக்கொண்டு வரப்போகிறோம், எந்த ஊரில் பனி அதிகமாகக் கொட்டும்?" அக்கறையோடு கேட்கப்படும் இந்தக் கேள்விதான் பல குடும்பங்களைப் பொருந்தாத ஊருக்கும் பொருந்தாத வாரத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பது என் உறுதியான கருத்து. தங்குமிடம், மலைமேல் ஏற்றிச்செல்லும் லிஃப்ட் கட்டணம், பயிற்சி, வாடகைக் கருவிகள் என்று ஒரு வாரத்துக்கு ஆகும் செலவு ஒரு சாதாரணக் குடும்பம் மாதக்கணக்கில் சேர்த்த பணம். அதைச் செலவழிக்கும் முன் கேட்க வேண்டியது இதுதான்: நாங்கள் போகும் அதே வாரத்தில், நாங்கள் சறுக்கப்போகும் அதே உயரத்தில், கடந்த முப்பது குளிர்காலங்களில் எத்தனை முறை தரையில் போதிய பனி கிடந்தது?

விளம்பரங்களில் வரும் "ஒரு பருவத்துக்குப் பத்து மீட்டர் பனி" என்ற வாசகத்தை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க் பக்கத்தில் உள்ள வார்த் போன்ற ஊர்களைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. ஆனால் அந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்று பாருங்கள். அளவீட்டு நிலையத்தில் வெள்ளை வண்ணம் பூசிய ஒரு பலகையைப் பனியின் மேற்பரப்போடு சமமாக வைத்திருப்பார்கள். ஒவ்வொரு நாளும் காலையில் பொறுப்பாளர் அதன்மேல் புதிதாக விழுந்திருக்கும் பனியை அளவுகோலை நிறுத்தி அளந்து, குறித்துக்கொண்டு, பலகையைத் துடைத்து, புதிய மேற்பரப்பில் மறுபடியும் வைத்துவிட்டுப் போவார். இப்படி நவம்பரிலிருந்து வசந்தம் வரை குறித்த அளவுகளைக் கூட்டினால் வருவதுதான் அந்தப் பத்து மீட்டர். விழுந்த பனியோ தன் எடையாலேயே அமுங்கும், காற்று அள்ளிக்கொண்டு போகும், வெயில் உருக்கும், இடையில் ஒரு மழை வந்தால் கரைந்தும் போகும். பக்கத்தில் நிரந்தரமாக நட்டிருக்கும் அளவுக் கம்பத்தில் அதே பருவத்தில் இரண்டு மீட்டர்கூடத் தெரியாமல் இருக்கலாம். நம் பிள்ளைகள் சறுக்குவது கம்பம் காட்டும் பனியின் மேல்தான். ஆகவே பழைய பதிவுகளைப் பார்க்கும்போது புதுப்பனியின் கூட்டுத்தொகையை ஒதுக்கிவைத்துவிட்டு, தரையில் கிடக்கும் பனியின் ஆழத்தைத் தேடுங்கள்.

அடுத்தது உயரம். என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே முதலிடம். ஆல்ப்ஸின் வடக்கு விளிம்பில் உள்ள மலைகள் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வரும் ஈரக்காற்றை முதலில் வாங்கிக்கொள்பவை. சுவிட்சர்லாந்தில் இதுவரை அளக்கப்பட்ட மிக அதிகமான பனி ஆழம், 816 செ.மீ., 1999 ஏப்ரலில் அங்குள்ள 2,502 மீட்டர் உயரமான சென்டிஸ் மலையில்தான் பதிவானது. அதே மலைத்தொடரின் அடிவாரத்தில் ஆயிரம் மீட்டர் உயரத்தில் உள்ள ஊர்களில் அதே ஈரம் பல நாட்கள் மழையாக விழுந்துவிடுகிறது. மாறாக, சுவிட்சர்லாந்தின் தெற்கே உள்ள செர்மாட் ஊர் நான்காயிரம் மீட்டர் மலைகளால் சூழப்பட்டது. காற்று அங்கே வந்து சேர்வதற்குள் பெரும்பகுதி ஈரத்தை இழந்துவிடுவதால் நாட்டின் வறண்ட பள்ளத்தாக்குகளில் அதுவும் ஒன்று. ஆனால் அங்கே லிஃப்ட் 3,883 மீட்டர் வரை போகிறது. கொஞ்சமாக விழுந்தாலும் பனி அங்கே தங்குகிறது. அதிகம் கொட்டும் ஊரில் புல் தெரிவதும் குறைவாகக் கொட்டும் ஊரில் சரிவுகள் திறந்திருப்பதும் இந்தக் காரணத்தால்தான்.

பதிவுகள் நீளமாக இருந்தால் நல்லதுதான். தாவோஸ் நகருக்கு மேலே, 2,500 மீட்டரைத் தாண்டிய வைஸ்ஃப்ளுயோக் என்ற இடத்தில் 1936 முதல் பனியை அளந்துவருகிறார்கள். அந்த உழைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை பெருகுகிறது. ஆனால் பயணம் திட்டமிடுபவர் 1960களின் பனியைச் சராசரியில் சேர்த்துக்கொள்ளக் கூடாது. ஃபிரான்ஸின் ஷார்த்ரூஸ் மலையில் 1,325 மீட்டர் உயரத்தில் உள்ள கொல் த போர்த் நிலையத்தில், 1960 முதல் 1990 வரையிலான காலத்தோடு ஒப்பிட்டால், அடுத்த முப்பது ஆண்டுகளில் குளிர்காலச் சராசரி ஆழம் ஏறக்குறைய 40 செ.மீ. குறைந்திருக்கிறது. ஆல்ப்ஸ் முழுவதும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களின் பதிவுகளைச் சேர்த்து 2021இல் வெளியான ஆய்வும், 1971க்குப் பின் பத்தாண்டுக்கு எட்டு விழுக்காட்டுக்கும் சற்று மேலாகப் பனி ஆழம் குறைந்துவந்ததையே காட்டியது. ஆகவே 1990க்குப் பிந்திய பதிவுகளே நமக்குப் பயன்படும். அவற்றிலும் கடைசிப் பதினைந்து ஆண்டுகளுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

சராசரியை மட்டும் நம்புவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. 2014, 2015, 2016 ஆகிய மூன்று ஆண்டுகளும் அடுத்தடுத்து கிறிஸ்துமஸுக்கு முன்பு ஆல்ப்ஸில் பனி மிகக் குறைவாக இருந்தது. 2018 ஜனவரியிலோ செர்மாட்டுக்குப் போகும் சாலையும் ரயில்பாதையும் பனியால் மூடப்பட்டு, ஏறத்தாழ பதின்மூன்றாயிரம் சுற்றுலாப் பயணிகள் ஊருக்குள்ளேயே சிக்கிக்கொண்டார்கள். 2023 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் அடெல்போடனில் ஸ்கீ உலகக் கோப்பைப் போட்டி, இருபுறமும் பச்சைப் புல்வெளி தெரிய, நடுவில் வெள்ளை நாடாவாகப் போட்ட செயற்கைப் பனியின் மேல் நடந்தது. இவற்றையெல்லாம் கூட்டி வகுத்தால் கிடைக்கும் எண் எந்தக் குளிர்காலத்தையும் காட்டாது. ஒரு ஸ்கீ நிலையம் நம்பகமானதா என்று கணிக்க ஆல்ப்ஸ் ஆய்வாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் அளவுகோல், பத்துக் குளிர்காலங்களில் ஏழிலாவது நூறு நாட்களுக்குக் குறைந்தது 30 செ.மீ. பனி இருக்க வேண்டும் என்பது. குடும்பமாக வருபவர்கள் இதைத் தங்கள் வாரத்துக்குச் சுருக்கிக்கொண்டு, பத்தில் எட்டு முறையாவது அந்த ஆழம் இருந்ததா என்று பார்த்தால் போதும். சுவிட்சர்லாந்தின் பனி, பனிச்சரிவு ஆய்வு நிலையம் ஒவ்வொரு அளவீட்டு நிலையத்தின் இந்த ஆண்டுப் பனி ஆழத்தையும் முந்தைய ஆண்டுகளில் அது கூடிக் குறைந்த வீச்சையும் ஒரே வரைபடத்தில் வெளியிடுகிறது. அந்த வீச்சின் கீழ் விளிம்பைப் பாருங்கள். மிக மோசமான குளிர்காலங்களில் உங்கள் வாரம் எப்படி இருந்தது என்று அது சொல்லிவிடும்.

எந்த வாரம் என்பதில் பலரும் நினைப்பதற்கு நேர்மாறாகவே பதிவுகள் பேசுகின்றன. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் பனி ஆழம் உச்சம் தொடுவது மார்ச்சிலும் ஏப்ரலிலும்தான். கிறிஸ்துமஸ் வாரத்தில் பருவமே அப்போதுதான் தொடங்கியிருக்கும், விலையோ உச்சத்தில் நிற்கும். விடுமுறைக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு ஜனவரி நடுப்பகுதியையோ மார்ச் முதல் பாதியையோதான் நான் பரிந்துரைப்பேன். ஈஸ்டருக்கு வருபவர்கள் அந்த ஆண்டுத் தேதியைக் கவனிக்க வேண்டும்: 2024இல் அது மார்ச் 31, 2025இல் ஏப்ரல் 20. ஏப்ரல் 20ஆம் தேதிச் சூரியன் ஆகஸ்ட் இறுதிச் சூரியன் நிற்கும் உயரத்தில் நிற்கிறது. தெற்கு நோக்கிய சரிவில் காலையில் கல்லாக உறைந்திருக்கும் பனி, மதியத்துக்குள் முழங்கால் வரை இறங்கும் கூழாகிவிடும். அப்போது வடக்கு நோக்கிய உயர்ந்த சரிவுகளே கைகொடுக்கும்.

பருவம் முழுவதற்குமான வானிலை முன்கணிப்பை நம்பித் தங்குமிடத்தைப் பதிவுசெய்ய வேண்டாம் என்பேன். எந்தப் பள்ளத்தாக்கில் எந்த வாரம் பனி பெய்யும் என்று அதனால் சொல்ல முடியாது. இத்தாலிப் பக்கத்திலிருந்து ஈரம் ஏறும் குளிர்காலத்தில் ஆல்ப்ஸின் தெற்குச் சரிவுகள் நிறைந்து, வடக்கு வறண்டு கிடப்பதும் உண்டு. வாகனத்தில் வருபவர்கள், பணம் திருப்பித் தரும் நிபந்தனையில் தெற்கே ஓரிடமும் வடக்கே ஓரிடமும் பதிவுசெய்துவைத்து, ரத்துசெய்யும் கடைசி நாளில் அளவுக் கம்பங்களைப் பார்த்து ஒன்றை விட்டுவிடலாம்.

பிப்ரவரி நடுப்பகுதிப் பள்ளி விடுமுறையைத் தவிர வேறு வழியில்லாத லண்டன் குடும்பங்களுக்கு வாரத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இல்லை. உயரத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உண்டு. அதிலும் விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் உச்சி நிலையத்தின் உயரம் முதன்முறை ஸ்கீ அணியும் ஏழு வயதுப் பிள்ளைக்கு எந்த விதத்திலும் உதவாது, ஏனென்றால் தொடக்கப் பயிற்சிச் சரிவு பெரும்பாலும் ஊரின் ஓரத்தில், மிகத் தாழ்ந்த இடத்தில்தான் இருக்கும். சுவிட்சர்லாந்தின் அரோசா, சாஸ்-ஃபே ஆகிய ஊர்களே ஏறத்தாழ 1,800 மீட்டரில் இருக்கின்றன. ஃபிரான்ஸின் வால் தொரான் 2,300 மீட்டரில் இருக்கிறது. வேறு ஊரைத் தெரிவுசெய்தால், முன்பணம் கட்டும் முன் ஸ்கீ பள்ளிக்குத் தொலைபேசியில் அழைத்து, தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கான சரிவு எத்தனை மீட்டரில் இருக்கிறது, கடந்த சில ஆண்டுகளில் பிப்ரவரியில் அதை எத்தனை முறை மூட வேண்டியிருந்தது, மூடியபோது பிள்ளைகளை எங்கே கொண்டுபோனார்கள் என்ற மூன்றையும் கேளுங்கள்.