சின்னக் காந்தம் என்றால் பலவீனமா?

பலர் பகிரும் கருத்து இது: காந்தத்தை மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குச் சுருக்கினால் அதன் காந்தப் புலமும் அதே விகிதத்தில் குறைந்துவிடும். அப்படி இல்லைங்க. பொருளும் வடிவமும் மாறாமல், அளக்கும் தூரத்தையும் சேர்த்துச் சுருக்கினால் புலம் அப்படியே இருக்கும்.

உருளைக் காந்தத்தின் அச்சுப் புலத்துக்கான சூத்திரத்தில், ரெமனன்ஸ் (காந்தமாக்கிய பின் பொருளில் தங்கும் காந்தத்தன்மை) தவிர, நீளங்களின் விகிதம் மட்டுமே வருகிறது. நீங்களே போட்டுப் பாருங்கள். ரெமனன்ஸ் 1.2 டெஸ்லா (காந்தப் புலத்தின் அலகு), விட்டமும் உயரமும் 10 மி.மீ., முகப்பிலிருந்து 1 மி.மீ. தள்ளி: சுமார் 0.43 டெஸ்லா. அப்புறம் மி.மீ. இருந்த இடத்திலெல்லாம் மைக்ரான் போடுங்கள், அதே 0.43தான்.

நடைமுறையில் பலவீனம் வருவது வெட்டும்போது. நியோடிமியம் காந்தத்தின் மேல்தோல் சிதைகிறது. நுண்ணிய துண்டில் அந்தத் தோலே பெரும்பங்கு. அதனால்தான் வெட்டாமல், ஸ்பட்டரிங் முறையில் (அயனிகளை மோதவிட்டுப் பொருளின் அணுக்களைப் பெயர்த்து) படலமாகப் படியவைக்கிறார்கள்.