அந்தக் கேக் கடைப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

அந்த வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும், பார்த்துவிட்டேன். ஜப்பானில் சாண்டா தொப்பியோடு கேக் விற்கும் ஒரு பெண்ணைக் கேட்காமலே படமெடுத்து, "இயேசு யாரென்றே தெரியாத ஊரின் டூப்ளிகேட் கிறிஸ்துமஸ்" என்று சிரிக்கிறார் அந்த மனிதர். கீழே வரிசையாக நம்மவர்களின் சிரிப்புகள். என் சித்தப்பா மகனும் சிரித்திருக்கிறான்.

நாகர்கோவில் பக்கம் சர்ச்சும் கேரல் ரவுண்டுமாக வளர்ந்தவன் நான். ஜப்பானில் இது எனக்கு ஏழாவது டிசம்பர். சொல்கிறேன், அது டூப்ளிகேட் இல்லை.

வியாபாரம் இருக்கிறது, யார் இல்லை என்றது? இங்கே கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். 25ஆம் தேதி லீவும் கிடையாது. ஹாலோவீன் பூசணி இறங்கிய கையோடு கடைகளில் மரம் ஏறிவிடும். 25 இரவு மரம் இறங்கி, விடிவதற்குள் புத்தாண்டு மூங்கில் அலங்காரம் நிற்கும். கேஎஃப்சி 1974இல் விளம்பரம் செய்துதான் கோழி இங்கே கிறிஸ்துமஸ் சாப்பாடானது. சரி, இருக்கட்டும். அட்சய திருதியைக்கு நகைக்கடை வாசலில் நிற்கும் நாம் இதைக் கேட்கலாமா?

நான் வந்த முதல் வருஷம், 25 சாயங்காலம், ஆபீஸ் முடிந்து தனியாக ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரின் நிலத்தடித் தளத்தில் இருக்கும் கேக் கடைக்குப் போனேன். ஸ்ட்ராபெர்ரி வைத்த கிரீம் கேக், ஒரே ஒரு துண்டு. கடைப்பெண் ஏதோ கேட்டார். புரியவில்லை. மறுபடி கேட்டார். கடைசியில் கைக்கடிகாரத்தைக் காட்டினார். வீட்டுக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்கிறார். நாற்பது நிமிஷம் என்றேன். அதற்குத் தக்கபடி ஐஸ் பொட்டலங்களைப் பெட்டிக்குள் வைத்தார். வெளியே மழை என்பதால் காகிதப் பைக்கு மேல் பிளாஸ்டிக் உறை போட்டு, கவுண்டரைச் சுற்றி வந்து இரண்டு கையாலும் நீட்டினார். நான் அந்த ஊருக்கு வந்து நாலு மாதம். வீடு போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர். ரயிலில் பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

"எல்லா வாடிக்கையாளரிடமும் அப்படித்தான் கேட்பார்கள்" என்பீர்கள். தெரியும். அதனால் என் அழுகை பொய்யாகிவிடுமா? "காதலர்கள் ஊர் சுற்றும் நாளாக்கிவிட்டார்களே." ஆக்கட்டும். "மிஞ்சுகிற கேக் வீணாகிறதே." அது நியாயமான கேள்வி, எனக்கும் வருத்தம்தான்.

ஆனால் "இயேசுவைத் தெரியாத ஊர்" என்றதைத்தான் தாங்க முடியவில்லை. 1614இல் நாடு முழுக்கக் கிறிஸ்தவத்துக்குத் தடை வந்தது. 1873 வரை அது நீங்கவில்லை. நாகசாகிப் பக்கத்து விவசாயிகளும் மீனவர்களும் இருநூறு வருஷத்துக்கு மேல் பாதிரியாரே இல்லாமல், மாதாவைக் கன்னோன் என்ற பௌத்தக் கருணைத் தெய்வத்தின் சிலை உருவில் மறைத்து வைத்துக்கொண்டு ஜெபித்தார்கள். 1865இல்தான் நாகசாகியின் ஓவுரா சர்ச்சுக்கு வந்து ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரிடம் தாங்கள் யாரென்று சொன்னார்கள். உயிர் போகும் என்று தெரிந்தும் விசுவாசத்தைக் காத்த ஊர் அது. நமக்கு அப்படி ஒரு நாளாவது இருந்ததா?

எங்கள் எதிர்வீட்டு அக்கா இந்து. ஒவ்வொரு டிசம்பரும் எங்களுக்கு முன்னாலேயே ஸ்டார் கட்டிவிடுவார். அம்மா தட்டு நிறைய முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் கொடுத்தனுப்புவார். தீபாவளிக்கு அதே தட்டு அதிரசத்தோடு திரும்பி வரும். அந்த அக்கா கட்டிய ஸ்டாரை டூப்ளிகேட் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. தம்பி, அந்த அதிரசத்தை நீயும் என்னோடு உட்கார்ந்து தின்றிருக்கிறாய். மற்றவர்களிடம் நான் எதுவும் கேட்கவில்லை. நீ மட்டும் அந்தச் சிரிப்பை எடுத்துவிடு.