எங்க அம்மா அடுப்புதான் காரணமா?

ஞாயித்துக்கிழமை குமுளி மண்டபத்துல, மலை ஏன் சூடாகுதுன்னு போட்ட கூட்டத்துல நடந்ததப் பத்தி ஆளாளுக்கு எழுதியாச்சு, வீடியோவும் பாத்திருப்பீங்க. நான் பேசாமத்தான் இருந்தேன். ஆனா அங்க பேசுன ஒரு ஐயா, ஏலக்காய்த் தோட்டத்துல வேலை பாக்குற பொம்பளைங்களப் பாத்து "நீங்க விறகு எரிக்கிறதாலதான் மலை சூடாகுது"ன்னு சொன்னாரே, அது ரெண்டு நாளா தொண்டையில நிக்குது. அந்தப் பொம்பளைங்கள்ல ஒண்ணு எங்க அம்மா.

ஐயா, மலை சூடாகுறது முக்கியமா நிலக்கரி, பெட்ரோல், எரிவாயுவால. ஆலைகள் வர்றதுக்கு முந்தி காத்துல பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த கரியமில வாயு இப்ப 420-ஐத் தாண்டிருச்சு. அத ஏத்துனது எங்க அம்மா அடுப்பு இல்ல.

"அடுப்புப் புகை நல்லதா?"ன்னு வருவீங்க. நல்லதில்லதான், அம்மா நெஞ்சுக்கு. சிலிண்டர் எங்க வீட்லயும் இருக்கு, காசு இருக்குற மாசம் எரியும். சரி, அம்மா பறிக்கிற ஏலக்காயை ஸ்டோர்ல, அதான் காய் உலத்துற கட்டடத்துல, எத எரிச்சு ராத்திரியெல்லாம் காய வைக்கிறாங்க? விறகுதானே? அந்த ஸ்டோர் முதலாளி மேடையில பொன்னாடையோட உக்காந்திருந்தாரு. அவர்கிட்ட யாரும் கேக்கல.

2024 கோடைய மறந்துட்டீங்களா? ஏலத்துக்கு நிழலும் ஈரமும் வேணும். அந்த வருசம் ரெண்டும் இல்ல. ஒரு ஏலச்செடித் தண்டைப் பிடிச்சா சோளத்தட்டை மாதிரி கையோட வந்துச்சுன்னு அம்மா சொல்லுச்சு. தோட்டத்துல நிழலுக்குப் பச்சை வலை கட்ட காசு இருந்துச்சு. வேலையில்லாத நாளுக்குக் கூலி குடுக்க இல்ல. விடியக்காலம் தூக்குச்சட்டியோட கம்பம் ஊர்ல நின்னுட்டு, ஜீப்பு வராம திரும்பி வந்த நாளெல்லாம் எனக்குத் தெரியும்.

"1924-லயே பெருவெள்ளம் வந்துச்சே, மலையாள வருசம் 1099-ங்கிறதால மலையாளத்துக்காரங்க இன்னமும் 99 வெள்ளம்னு சொல்றாங்களே"ன்னு ஒரு அண்ணன் கமென்ட்ல. வந்துச்சுண்ணே. ஆனா இப்ப சூடு கூடக் கூட மழையும் கூடுது. காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா ஈரம் பிடிக்கும், பிடிச்சத ஒரேயடியா ஊத்தும். 2024 ஜூலை 30 வயநாட்டு மழையை இந்தச் சூடு 10 சதவீதம் போல கூட்டிருச்சுன்னு ஆய்வு பண்ணிச் சொல்லிட்டாங்க. இன்னும் என்ன வேணும்?

"கரியமில வாயு விடுறதுல இந்தியா மூணாவது இடம்"னும் சொல்வீங்க. ஆமா, மொத்தத்துல. தலைக்குப் பாத்தா நமக்கு வருசத்துக்கு 2 டன், அமெரிக்காக்காரனுக்கு 14. அந்த ரெண்டுல எங்க அம்மாவோட பங்கு எவ்வளவுன்னு மண்டபத்து ஏசிகிட்ட கேளுங்க.

மூணாறு பக்கம் பெட்டிமுடியில 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை சரிஞ்சு, லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்ல, தூங்குன 70 பேர் மண்ணோட போனாங்க. எல்லாம் நம்ம தேயிலைத் தோட்டத்து சனம். மழைய மட்டும் சொல்ல மாட்டேன், லயத்தை அங்க கட்டுனது யாரு? அவங்க வீட்லயும் விறகடுப்புதான் எரிஞ்சிருக்கும். அவங்களும் குத்தவாளிதானே உங்க கணக்குல?

கோவத்துல எங்கயோ போயிட்டேன்.

கூட்டம் முடிஞ்சு ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டில் தண்ணியும் ஒரு மரக்கன்னும் குடுத்திருக்காங்க. ஜீப்பு நெரிசல்ல கன்னை மடியில வச்சு மலைப்பாதை இறங்கி வந்துச்சு அம்மா. வாசல்ல வச்சுட்டுக் கேட்டுச்சு: "இத எங்கடா நடுறது, நமக்கு ஏது எடம்?"